பிச்சையா, பாக்கியா?

நியூகினித் தீவின் மேற்குப் பாதியில் வாழும் பப்புவா மக்களுக்காகச் சின்னஞ்சிறு தர்ம காரியங்கள் பல நடந்து வருகின்றன. ஒரு மலைக் கிராமத்துப் பாடசாலைக்குப் புஸ்தகமும் பென்ஸிலும். ஊரை விட்டு வந்து நகரத்தில் படிக்கும் பத்துப் பையன்களுக்கு ஒரு விடுதி. நான்கு தாய்மார்களுக்குப் பொதுவாக ஒரு தையல் யந்திரம். காப்பிப் பழத்தின் தோலை உரிப்பதற்குக் கையால் சுற்றும் ஒரு யந்திரம். கொடுக்கிறவர்கள் ஆஸ்திரேலியாவிலோ ஹாலந்திலோ ஜாவாவிலோ உள்ள சில குடும்பங்கள், ஒரு தேவாலயச் சபை, ஒரு மாணவர் கூட்டம். தொகை பெரிதல்ல. ஆரவாரமும் இல்லை.

இவற்றைப் பற்றி அரசியல் உணர்ச்சியுள்ள நண்பர்களிடம் பேசினால் அவர்கள் உதட்டைப் பிதுக்குகிறார்கள். புண்ணுக்குப் புனுகு தடவுகிற வேலை என்கிறார்கள். தர்மவான்களிடம் பேசினாலோ, ராஜீய விஷயம் எங்களுக்கு எதற்கு, குழந்தை படித்தால் போதாதா என்கிறார்கள். இரு சாரார் கூற்றையும் நாம் ஒப்புக்கொள்ளுவதற்கில்லை. முதல் சாராருக்குப் பப்புவாக் குழந்தையின் அவசரம் தெரியவில்லை. இரண்டாவது சாராருக்கு அக்குழந்தையின் பாத்தியதை தெரியவில்லை.

முதலில் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். பப்புவா ஏழை நாடல்ல. அதன் நடு மலைத்தொடரில், கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 4,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் கிராஸ்பெர்க் சுரங்கம் உலகத்துப் பொன் சுரங்கங்களில் தலையாய வரிசையைச் சேர்ந்தது. செம்பும் அங்கே மலைமலையாகக் கிடைக்கிறது. ஃப்ரீபோர்ட் என்ற அமெரிக்கக் கம்பெனி 1967-ஆம் ஆண்டிலேயே அம்மலைகளில் தோண்டும் உரிமையை இந்தோனேஷியச் சர்க்காரிடமிருந்து பெற்றது. மலைக்குச் சொந்தக்காரர்களான அமுங்மே ஜாதியாரையும், கீழே ஆற்றோரத்தில் சாகோ மரத்தையும் மீனையும் நம்பி வாழும் கமோரோ ஜாதியாரையும் யாரும் கேட்கவில்லை. தோண்டிய மலையின் அரைத்த கழிவு ஐக்வா ஆற்றில் விடப்பட்டது. கமோரோ மக்களின் மீனும் சாகோவும் அச்சேற்றில் புதைந்தன. 1996 மார்ச்சில் அப்பிரதேசத்தில் பெருங்கலகம் விளைந்த பிறகே, சுற்றுப்புறத்து மக்களின் படிப்புக்கும் வைத்தியத்துக்கும் கம்பெனி தன் வருமானத்தில் நூற்றுக்கு ஒன்று ஒதுக்க முன்வந்தது. நூற்றுக்கு ஒன்று! கோயில் சொத்தைக் குத்தகைக்கு எடுத்தவன் கூட இவ்வளவு துணிய மாட்டான். 2018 டிசம்பரில் கம்பெனியின் பங்குகளில் 51 சதவிகிதத்துக்கு மேல் இந்தோனேஷியா வாங்கிக்கொண்டது. அதை ஜகார்த்தாவில் தேசிய வெற்றியாகக் கொண்டாடினார்கள். கொண்டாடட்டும்.

இந்தச் செல்வத்தின் நடுவே ஜனங்களின் நிலை என்ன? 2020 மார்ச்சில் இந்தோனேஷியா முழுவதிலும் வறுமைக் கோட்டுக்குக் கீழிருந்தவர்கள் நூற்றுக்கு 9.78 பேர், பப்புவா மாகாணத்தில் 26.64 பேர். படிப்பு, ஆயுள், வருமானம் மூன்றையும் சேர்த்து அளக்கும் மானிட அபிவிருத்திக் குறியீட்டில் அவ்வாண்டு நாட்டின் சராசரி 71.94. பப்புவாவின் எண் 60.44, அன்றிருந்த முப்பத்துநான்கு மாகாணங்களிலும் அதுவே கடைசி. இவை சர்க்காரே வெளியிட்ட கணக்குகள். 2017-ஆம் ஆண்டின் இறுதியிலும் 2018 ஜனவரியிலும் தென்கரையிலுள்ள அஸ்மத் பகுதியில் தட்டம்மையாலும் போஷாக்கின்மையாலும் எழுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்டார்கள். தட்டம்மைக்குத் தடுப்பூசி உண்டென்பது உலகமறிந்தது. பொன் எடுக்க மலையுச்சிக்கு வழி கண்டவர்களுக்கு, ஊசி மருந்தை ஆற்றோரத்துக்குக் கொண்டுபோக வழி தெரியாமற் போயிற்று.

இவர்கள் இந்தோனேஷியாவோடு எப்படிச் சேர்ந்தார்கள் என்பதையும் வாசகர்கள் ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும். 1949 டிசம்பரில் டச்சுக்காரர்கள் இந்தோனேஷியாவுக்கு ஆட்சியுரிமையை ஒப்படைத்தபோது மேற்கு நியூகினியைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். 1962 ஆகஸ்டில் நியூயார்க்கில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. பப்புவாக்காரர் ஒருவரும் அதில் கையெழுத்திடவில்லை. அதன்படி ஐக்கிய நாடுகள் சபை சில மாதம் நிர்வாகத்தை நடத்தி, 1963 மே முதல் தேதி இந்தோனேஷியாவிடம் கொடுத்தது. ஜனங்களின் விருப்பத்தைப் பிற்பாடு கேட்டறிவது என்பது நிபந்தனை. 1969-ல் கேட்டார்கள். எட்டு லட்சம் ஜனங்களுக்காக ஆயிரத்துச் சொச்சம் பேரைப் பொறுக்கி எடுத்து, ராணுவத்தின் கண் முன்னே கூட்டி, வோட்டுச் சீட்டில்லாமல், ஏகமனதாகத் தலையாட்ட வைத்தார்கள். அதற்குச் ‘சுயேச்சைத் தேர்வு’ என்று பெயர் சூட்டினார்கள்.

இதில் தமிழர் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. 1963-ல் ஐக்கிய நாடுகள் சபைக் காரியதரிசியின் பிரதிநிதியாக அந்த ஒப்படைப்பு வைபவத்துக்குச் சென்றவர் ஸ்ரீ சி. வி. நரசிம்மன், நம்மவர், சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். உத்தியோகம் பார்த்தவர். பல்லாண்டுகளுக்குப் பின், 2001-ல், அவர் பத்திரிகை நிருபரிடம் மனம் விட்டுப் பேசினார். 1969-ல் நடந்தது வெறும் பூசி மெழுகல் என்றும், எப்படியாவது இந்தத் தொல்லையைத் தலை முழுகிவிட வேண்டுமென்பதே அன்று சபையில் நிலவிய மனப்பான்மை என்றும் ஒப்புக்கொண்டார். உத்தியோகத்திலிருந்த காலத்தில் சொல்லியிருக்கலாகாதா என்று கேட்கத் தோன்றுகிறது. ஆயினும் சொன்னார், சொல்லாமலே போனவர்கள் அநேகர்.

இந்தோனேஷிய தேசியவாதிகளை நாம் இழிவுபடுத்துவதாக யாரும் எண்ண வேண்டாம். டச்சு ஏகாதிபத்தியத்தை எதிர்த்து அவர்கள் பட்ட கஷ்டங்களை நாம் மதிக்கிறோம். அவர்களில் தலைசிறந்த ஹட்டாவும் ஸ்யாஹ்ரிரும் 1935-ல் நாடு கடத்தப்பட்ட இடமே பப்புவாவின் கொசுக் காட்டிலுள்ள போவன் டிகூல் சிறை முகாம். ஹட்டா அங்கே சும்மா இருக்கவில்லை. உடனிருந்த கைதிகளுக்குப் பொருளாதாரப் பாடம் நடத்தினார். 1945 ஜூலையில், வரப்போகிற சுதந்திர நாட்டின் எல்லையைப் பற்றி விவாதம் நடந்தபோது, பப்புவாவைப் பற்றிய முடிவைப் பப்புவாக்காரர்களிடமே விட்டுவிடலாம் என்று சொன்னவரும் அவரே. அவர் பேச்சு எடுபடவில்லை. இந்தோனேஷியக் கூட்டுறவு இயக்கத்தின் தந்தை என்று இன்றும் அவரைப் போற்றுகிறார்கள். போற்றுகிறவர்கள் இந்த ஒரு வாக்கியத்தையும் சேர்த்து நினைப்பார்களாக.

இனிப் பாடசாலைக்கு வருவோம். பப்புவாவில் படிப்பு நேற்று வந்த புதுமையல்ல. 1855 பிப்ரவரியில் இரண்டு ஜெர்மானியப் பாதிரிமார் மான்சினாம் தீவில் இறங்கிய காலந்தொட்டு அங்கே எழுத்து உண்டு. 1925-ல் வொண்டாமா விரிகுடாவின் கரையில் மியெய் என்னுமிடத்தில் கெய்னே என்ற டச்சுக்காரர் உபாத்தியாயர் பயிற்சிப் பாடசாலை ஒன்றை நிறுவினார். பப்புவாக் குழந்தைகளுக்கென்றே வாசக புஸ்தகமும் பாட்டும் எழுதினார். கட்டிடம் கட்டுவதற்கு முன் உபாத்தியாயரை உண்டாக்கவேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நூறாண்டுக்குப் பின்னும் பலருக்கு இது தெரிந்தபாடில்லை.

2012-ல் யூனிசெப் ஸ்தாபனத்தின் ஆதரவில் பப்புவாப் பாடசாலைகளை நேரில் சென்று பார்த்தார்கள். உபாத்தியாயர்களில் மூவருக்கு ஒருவர் பள்ளியில் இல்லை. மலைநாட்டில் நிலைமை இன்னும் மோசம். ஏறக்குறையப் பாதிப்பேர் இல்லை. உடனே ‘சோம்பேறிகள்’ என்று தீர்ப்புக் கூறிவிடலாம். ஆனால் அந்த உபாத்தியாயரின் வாழ்க்கையை எண்ணிப் பாருங்கள். கிராமத்துக்குச் சாலை இல்லை. குடியிருக்க வீடில்லை. சம்பளம் வாங்க நகரத்துக்குப் போக வேண்டும். போவதற்குச் சிறு விமானம். மேகம் கவிந்தால் அதுவும் பறக்காது. போனவர் திரும்ப வாரக்கணக்காகும். திரும்பாமலே இருந்துவிட்டாலும் கேட்பாரில்லை. பதிவேட்டில் பாடசாலை நடந்துகொண்டேயிருக்கும். மலைநாட்டில் பெட்ரோல் லிட்டர் ஒன்றுக்கு ஐம்பதாயிரம் முதல் லட்சம் ரூபியா வரை விற்ற காலம் உண்டு. ஜாவாவில் அதே பெட்ரோல் 6,450 ரூபியா. 2016 அக்டோபரில்தான் நாடெங்கும் ஒரே விலை என்று சர்க்கார் உத்தரவு போட்டது. உத்தரவு மலை ஏறிச் செல்ல வேண்டுமே!

இன்னொரு இடர், பாஷை. மேற்குப் பப்புவாவில் இருநூற்றைம்பதுக்கு மேற்பட்ட தாய்மொழிகள் பேசப்படுகின்றன. மலைக் குழந்தை பாடசாலைக்கு வந்த அன்றுதான் இந்தோனேஷிய மொழியை முதல் முறை காதில் கேட்கிறது. ரயில் பாதையே இல்லாத நாட்டில் ரயிலைப் பற்றிய பாடத்தை அது நெட்டுருப் போட வேண்டும். அக்குழந்தைக்குத் தெரிந்த பன்றியும் சர்க்கரைவள்ளியும் ஆறும் மலையும் வரும்படியான ஆரம்பப் புஸ்தகங்களை வாமெனாப் பக்கத்தில் சில தொண்டு ஸ்தாபனங்கள் தயாரித்தன. செலவில் சிறியது, பயனில் பெரியது. அயல் மொழியில் ஆனா ஆவன்னா படித்துத் தடுமாறிய பரம்பரை நம்முடையது. இதன் அருமையை நமக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, ஒரு தர்ம ஸ்தாபனம் பப்புவாக் கிராமத்தில் பள்ளிக்கூடக் கட்டிடம் கட்டுவதாகச் சொன்னால் நாம் அவ்வளவாக மகிழ்வதில்லை. கட்டிடத்தின் வாசலில் கொடுத்தவர் பெயரைப் பொறிக்கலாம், படம் பிடிக்கலாம். இரண்டு வருஷத்தில் பன்றிகள் படுக்கும். அதே ஊரில் உயர்தரப் பள்ளி வரை படித்துவிட்டு வேலையின்றி இருக்கும் ஓர் இளைஞனுக்கோ பெண்ணுக்கோ மாதச் சம்பளம் கொடுத்து, காலையில் குழந்தைகளை உட்கார வைத்துத் தாய்மொழியில் தொடங்கிச் சொல்லிக்கொடுக்கச் செய்தால், அங்கே மரத்தடியும் பாடசாலையாகும். சம்பளத்தின் வாசலில் பெயர் பொறிக்க முடியாது என்பதே அதிலுள்ள குறை.

மரத்தடி என்றோம், கூடாரத்தையும் சொல்லவேண்டும். 2018 டிசம்பரில் ண்டுகா மலைப் பகுதியில் சாலை போட வந்த தொழிலாளர்களைப் பப்புவா ஆயுதப் படையினர் கொன்றார்கள். படுபாதகமான செயல். அதன் பின் ராணுவம் புகுந்தது; ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடு வாசலை விட்டுக் காட்டு வழியாக ஓடின. அவர்களில் பலர் வாமெனாவை அடைந்தார்கள். 2019-ன் தொடக்கத்தில் அந்நகரத்துத் தேவாலயம் ஒன்றின் முற்றத்தில் தொண்டர்கள் கூடாரமடித்தார்கள். ஓடிவந்த குழந்தைகள் நூற்றுக்கணக்கானோர் அங்கே உட்கார்ந்து படித்தார்கள். தொண்டர்களில் பலர் பப்புவாக்காரர்கள். கையில் பெரும் பணம் கிடையாது. பெரிய திட்டமும் கிடையாது. குழந்தைகளின் ஒரு வருஷப் படிப்பு வீணாகாமல் பார்க்கவேண்டும் என்ற ஒரே நோக்கம். ‘புனுகு’ என்கிற நண்பர்களை அந்த முற்றத்தில் கொண்டுபோய் நிறுத்தி, நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்க ஆசைப்படுகிறோம். அரசியல் தீர்வு வரும்வரை எட்டு வயதுக் குழந்தை எட்டு வயதிலேயே நிற்குமா?

ஜீவனோபாயத்தைப் பற்றிய கதை வேறு விதமானது. இதில் சந்தையைத்தான் பார்க்கவேண்டும். ஜயபுரா நகரத்தின் நடைபாதைகளில் பப்புவாத் தாய்மார்கள் சாக்கு விரித்து உட்கார்ந்து கீரையும் கிழங்கும் பாக்கும் விற்பார்கள். அவர்களை ‘மாமா-மாமா’ என்று அழைப்பது அங்கே மரியாதை. நம் வாசகர் சிரிக்க வேண்டாம். அவர்கள் மொழியில் மாமா என்றால் தாய். பாக்கு அங்கே சாதாரணச் சரக்கல்ல. பாக்கும் சுண்ணாம்பும் மெல்லாத பேச்சு பேச்சாகாது என்பதில் நம் பாட்டிமாருக்கும் அவர்களுக்கும் வித்தியாசமில்லை. நாம் வெற்றிலையை மடிக்கிறோம், அவர்கள் கொடியின் காயைக் கடிக்கிறார்கள், அவ்வளவே. ஆனால் பாக்கைக் கூறு போட்டு விற்கும் தாய்க்கு மேல், படியேறிப் போனால், கூரையுள்ள கடைகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் சுலவேஸியிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் குடியேறியவர்கள். அவர்களும் பிழைப்புத் தேடி வந்த ஏழைகளே. அவர்களைப் பழிப்பது நம் நோக்கமன்று. வந்தவனுக்குக் கூரையும் மண்ணுக்குரியவளுக்கு நடைபாதையும் கிடைத்தது எப்படி? முதலும் கடனும் வியாபாரப் பழக்கமும் ஒருவருக்கு இருந்தன, மற்றவருக்கு இல்லை. இங்கேதான் சிறு தர்மத்துக்கு வேலை.

அந்தத் தாய்மார்கள் சும்மா இருக்கவில்லை. நகரத்தின் நடுவே தங்களுக்கென்று ஒரு சந்தை வேண்டுமென்று சங்கம் கூட்டினார்கள், ஊர்வலம் போனார்கள், சட்டசபை வாசலில் உட்கார்ந்தார்கள். பாதிரிமாரும் மாணவரும் சிறு ஸ்தாபனங்களும் பக்கத்தில் நின்றார்கள். வருஷங்கள் பல கடந்தன. கடைசியில் 2016-ல் ஜனாதிபதி ஜோகோ விடோடோவே வந்து அச்சந்தைக்கு அஸ்திவாரக் கல் நாட்ட நேர்ந்தது. இதிலிருந்து நாம் கற்கும் விஷயம் ஒன்றுண்டு. சங்கமாகக் கூடிச் சேமித்துக் கணக்கு எழுதக் கற்ற பெண்கள், அதே சங்கத்தைக் கொண்டு சர்க்காரையும் கேள்வி கேட்டார்கள். தர்ம காரியம் ஜனங்களைச் சாந்தப்படுத்தி உறங்க வைக்கும் என்ற பயம் எப்போதும் நியாயமானதல்ல. தனித்தனியாகக் கையேந்த வைத்தால் உறங்க வைக்கும். சேர்ந்து முதல் போட வைத்தால் எழுப்பிவிடும்.

நோக்கன் பையைப் பாருங்கள். மரப்பட்டை நாரை முறுக்கி, ஊசியோ தறியோ இல்லாமல் விரலால் முடிந்து, பெண்கள் செய்யும் பை அது. தலையில் மாட்டி முதுகில் தொங்கவிட்டுக் கிழங்கும் சுமப்பார்கள், பிள்ளையையும் சுமப்பார்கள். 2012-ல் யுனெஸ்கோ ஸ்தாபனம் இதை அவசரமாகப் பாதுகாக்க வேண்டிய பாரம்பரியங்களின் ஜாபிதாவில் சேர்த்தது. பட்டியலில் சேர்ந்ததால் மட்டும் பை விற்றுவிடாது. நாள் கணக்கில் முடிந்த ஒரு பைக்கு, ஆலையில் செய்த நூலும் சாயமும் போட்டியாக வந்துவிட்டன. நார் தரும் மரத்தை வளர்ப்பது, நியாய விலைக்கு வாங்குவோரைக் கண்டு பிடிப்பது, விலையில் எவ்வளவு செய்தவள் கையில் சேருகிறது என்பதை வெளிப்படையாகச் சொல்வது ஆகிய காரியங்களுக்குக் கோடிக்கணக்கான பணம் வேண்டாம்; நாணயமான நாலு பேர் வேண்டும்.

பாலியம் பள்ளத்தாக்கின் காப்பியும் இவ்வகைப்பட்டதே. உயர்ந்த மலை, உரம் காணாத மண், அராபிகா ஜாதி, சுவைக்குக் குறைவில்லை. ஆனால் வாமெனாவிலிருந்து கடற்கரைக்குப் பல்லாண்டுகளாகச் சரக்குப் போனதெல்லாம் ஆகாய மார்க்கமாகத்தான். கொட்டையின் விலையை விமானக் கட்டணம் தின்றுவிடும். ஆகவே உரிப்பது, உலர்த்துவது, தரம் பிரிப்பது அனைத்தையும் கிராமத்திலேயே செய்து, எடையைக் குறைத்து, மதிப்பை ஏற்றி அனுப்பினால்தான் உழவனுக்கு ஏதாவது மிஞ்சும். கூட்டுறவுச் சங்கமில்லாமல் இது நடவாது. டிகூல் முகாமில் ஹட்டா நடத்திய பாடம் மலைக்கு மேலே இப்போதுதான் ஏறிக்கொண்டிருக்கிறது!

இத்தகைய காரியங்களுக்கு வழி திறந்திருக்கிறதா? இல்லை. 2009-ல் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தின் ஜயபுராக் காரியாலயத்தை மூடும்படி இந்தோனேஷியச் சர்க்கார் சொல்லிற்று. அடுத்த ஓரிரு வருஷங்களில் வேறு வெளிநாட்டு ஸ்தாபனங்களும் வெளியேற நேர்ந்தது. வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர் நுழைவதும் எளிதன்று. தொண்டு செய்ய வருகிறவர்கள் பிரிவினைக்குத் தூபம் போடுவார்கள் என்ற சந்தேகம். ஊசி போடுகிறவனும் எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறவளும் ராஜ்யத்தைக் கவிழ்த்துவிடுவார்கள் என்று நடுங்கும் ராஜ்யம் தன் பலத்தைத் தானே சந்தேகிக்கிறது. நம்மை ஆண்ட பரங்கியரும் நூல் நூற்றவர்களைக் கண்டு இப்படித்தான் நடுங்கினார்கள்.

மறுபுறத்தாரும் குற்றமற்றவர்களல்லர். 2021 ஏப்ரலில் பியோகா என்ற மலையூரில் இரண்டு உபாத்தியாயர்களைப் பப்புவா ஆயுதப் படையினர் சுட்டுக் கொன்றார்கள், பாடசாலைகள் தீக்கிரையாயின. வேவுகாரர்கள் என்று காரணம் சொன்னார்கள். 2023 பிப்ரவரியில் ண்டுகாவில் இறங்கிய ஒரு சிறு விமானத்தின் நியூஸிலாந்து விமானியைப் பிடித்துக்கொண்டு போய், 2024 செப்டம்பரில்தான் விட்டார்கள். மலையூருக்கு மருந்தும் பலகையும் அந்தச் சிறு விமானங்களில்தான் போகின்றன. விடுதலையின் பேரால் தன் ஊர்க் குழந்தையின் புஸ்தகத்தை எரிக்கிறவனை எந்தத் தேசாபிமானியும் கொண்டாட முடியாது. இதைச் சொல்லத் தயங்குகிற நண்பர்கள் பப்புவாவுக்கு உபகாரம் செய்யவில்லை.

‘சர்க்கார்தான் கோடி கோடியாகக் கொடுக்கிறதே’ என்று ஜகார்த்தாவின் ஆதரவாளர்கள் கேட்பார்கள். வாஸ்தவம். 2001-ஆம் வருஷத்து விசேஷ சுயாட்சிச் சட்டப்படி, மாகாணங்களுக்கென்று பகிரும் பொது நிதியில் நூற்றுக்கு இரண்டு பங்கு பப்புவாவுக்குத் தனியே கிடைத்தது. 2021-ல் அதை 2.25 ஆக உயர்த்தினார்கள். 2022-ல் மாகாணத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, இரண்டாயிருந்ததை ஆறாக்கினார்கள். ஆறு கவர்னர்கள், ஆறு காரியாலயங்கள். பணம் எங்கே போயிற்று? பப்புவாக்காரரான கவர்னர் லூகாஸ் எனெம்பேயே லஞ்ச வழக்கில் அகப்பட்டு, 2023 அக்டோபரில் எட்டாண்டுச் சிறைத்தண்டனை பெற்று, அவ்வருஷம் டிசம்பரில் காலமானார். கணக்குப் புஸ்தகம் பப்புவாக்காரர் கையில் இருந்தால் மட்டும் போதாது. அதைத் திறந்து பார்க்கும் உரிமை ஊராருக்கும் இருக்க வேண்டும். அதே சுயாட்சிப் பணத்தில் வெளிநாடு சென்று படித்த மாணவர் பலர், 2022-ன் தொடக்கத்தில் உபகாரச் சம்பளம் நிறுத்தப்பட்டு, நியூஸிலாந்து முதலிய இடங்களில் படிப்பு நடுவிலிருக்கத் தத்தளித்தார்கள். கொடுத்த கை நினைத்தபோது மூடிக்கொள்ளும். உரிமையாகப் பெறாமல் சலுகையாகப் பெறுவதன் பலன் இது.

இதைவிடப் பெரிய விபரீதம் தெற்கே மெரௌக்கேயில் நடக்கிறது. கரும்புக்கும் நெல்லுக்குமென்று இருபது லட்சம் ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தைக் குறித்திருக்கிறார்கள். 2024-ல் மண்வாரி யந்திரங்கள் கப்பலில் வந்திறங்கின. மாரிந் ஜாதியாருக்கு அந்தக் காடுதான் களஞ்சியம். சாகோ மரம்தான் வயல். ஒரு சாகோ மரத்தை வெட்டிப் பிளந்து மாவு எடுத்தால் ஒரு குடும்பம் வாரக்கணக்கில் சாப்பிடும். நாம் பாயசத்துக்குப் போடும் ஜவ்வரிசி மரவள்ளி மாவில் செய்தது. அதன் ஆதி வடிவம் இந்தச் சாகோ மாவில் செய்ததுதான். காட்டை ஒரு கையால் அழித்துவிட்டு, அழித்த இடத்தில் குடியிருந்தவளுக்கு மறுகையால் தையல் யந்திரம் கொடுத்தால் அதற்குத் தர்மம் என்று பெயரிட நாம் சம்மதியோம். அத்தகைய இடத்தில் தொண்டு செய்கிறவர்கள் காட்டைப் பற்றியும் வாய் திறக்க வேண்டும். திறக்க அஞ்சினால், குறைந்தபட்சம், காட்டை அழிக்கிற கம்பெனியின் பணத்தைத் தொடாமலாவது இருக்க வேண்டும்.

நம்மிடம் சில வாசகர்கள் கேட்கிறார்கள்: இந்த வேண்டுகோள்களுக்குப் பணம் அனுப்பலாமா? அனுப்பலாம் என்பதே நமது பதில். அனுப்புமுன் இரண்டு வார்த்தை விசாரித்துக்கொள்ளுங்கள். பணத்தை யார் கையில் கொடுக்கிறார்கள், ஊர்ப் பெண்கள் அந்தக் கணக்கைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். குழந்தைகளைத் தாய் தந்தையரிடமிருந்து பிரித்துக் கடல் கடந்து தூரத்து விடுதிக்குக் கொண்டுபோகும் ஏற்பாடானால், எவ்வளவு இனிய பேச்சாயினும், ஒரு காசும் கொடாதீர்கள். அத்துடன், கொடுப்பதைத் தானமென்று எண்ணாதீர்கள். கிராஸ்பெர்க்கின் செம்பு உலகத்து மின்சாரக் கம்பிகளில் ஓடுகிறது. நம் வீட்டுக் கம்பியில் அதில் ஒரு துளி இல்லையென்று யார் சத்தியம் செய்ய முடியும்? நாம் அனுப்புவது நெடுநாள் பாக்கியில் ஓர் அற்பத் தவணை. பெரும் கடனாளிகள் ஜகார்த்தாவிலும் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரத்துக் கம்பெனித் தலைமைக் காரியாலயத்திலும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்பதை நாம் விடப் போவதில்லை.

கடைசியாக ஒன்று. அங்கே பள்ளி வருஷம் ஜூலையில் ஆரம்பமாகிறது. ஜூலையில் உற்சாகமாகத் தொடங்கி அடுத்த ஜூலைக்குள் பணம் நின்று, உபாத்தியாயரும் போய்விடுவதே இந்தச் சிறு கைங்கரியங்களுக்கு நேரும் சாதாரண முடிவு. ஒரு கிராமத்து உபாத்தியாயருக்கு ஒரு வருஷச் சம்பளம் அனுப்ப எண்ணியிருப்பவர்கள், தொகையைப் பாதியாக்கி இரண்டு வருஷத்துக்கு அனுப்ப வேண்டாம். இன்னொருவரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு இரண்டு வருஷத்துக்கும் முழுச் சம்பளத்தையும் சேர்த்த பிறகு முதல் தவணையை அனுப்புக.